அத்தியாயம் 5: கேள்வியை ஊரிலிருந்து எடுங்கள்

பொங்கல் விளையாட்டு விழா, பள்ளி ஆண்டு விழா, நவம்பர் 14-இல் தொடங்கும் நூலக வார விழா, திருவிழா மேடையில் கச்சேரிக்கு முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரம் என்று அறந்தாங்கி வட்டாரத்தில் வினாடி வினா நடத்தச் சந்தர்ப்பங்களுக்குக் குறைவில்லை. பஞ்சம் எல்லாம் கேள்விகளுக்குத்தான். பொறுப்பு ஒருவர் தலையில் வந்து விழும்போது போட்டிக்கு இரண்டு நாள்தான் இருக்கும். அவர் ஒரு போட்டித் தேர்வு வழிகாட்டியை வாங்கி, ‘ஒரு வரி வினா விடை’ பகுதியிலிருந்து ஐம்பது கேள்விகளை உருவிக்கொள்வார். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் குரூப் 4-க்குப் படிப்பவர்கள். அதே புத்தகம் அவர்கள் பையிலும் இருக்கும். கேள்வி பாதியில் இருக்கும்போதே விடை வந்துவிடும். மீதிப் பாதிப் பேர் முழித்துக்கொண்டிருப்பார்கள். கூட்டம் மெல்ல எழுந்து டீக்கடைப் பக்கம் நகரும்.

யாருக்கும் தெரியாததைக் கேட்பது திறமை என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் மிரட்டல். விடை அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், அதை அவர் யோசித்துத்தான் எட்ட வேண்டும், சொன்னதும் மற்றவர்கள் “அட, இது நமக்கே தெரியுமே” என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, கேள்வியை உள்ளூரில் தொடங்கி வெளியே கொண்டுபோவது. அறந்தாங்கியையே வைத்துச் செய்துபார்ப்போம். உங்கள் ஊர் வேறானாலும் முறை இதுதான்.

தெரிந்த ஊரின் தெரியாத கதை

முதலில் வரலாறு. “1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதற்கு முந்தைய மாதம் அறந்தாங்கியில் வாழ்ந்தவர் யாருடைய ஆட்சியில் இருந்தார்?” என்று கேளுங்கள். பெரும்பாலோர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பார்கள். தவறு. அறந்தாங்கி அந்தச் சமஸ்தானத்தில் இருந்ததே இல்லை. அது சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974 ஜனவரி 14 அன்று, திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை உருவாக்கியபோதுதான் அறந்தாங்கி இந்தப் பக்கம் வந்தது. அந்தத் தேதி பொங்கல் நாள் என்பதால், பொங்கல் விழா மேடையில் இந்தக் கேள்விக்கு இரட்டைப் பொருத்தம். கூட்டத்திலிருக்கும் வயதானவர்கள் யாராவது எழுந்து, பழைய பத்திரங்களில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருப்பதைச் சொன்னாலும் சொல்வார்கள். சொல்ல விடுங்கள். வினாடி வினாவில் அதுதான் சுவையான இடம்.

இந்தக் கேள்வியில் நான் ‘மார்ச்’ என்று நிறுத்திக்கொண்டதைக் கவனியுங்கள். இணைப்பு நாளைச் சில நூல்கள் 3 என்கின்றன, சில 4 என்கின்றன. நூல்களே ஒத்துப்போகாத நாளை மேடையில் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆண்டும் மாதமும் எல்லா நூல்களிலும் ஒன்றுதான் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

தொண்டைமான் என்ற பெயரிலும் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலையெடுத்தவர்கள். அறந்தாங்கித் தொண்டைமான்கள் என்று வேறொரு மரபு அதற்கு முன்பே இங்கே இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே இது குழப்பம் என்பதால் ‘சரியா, தவறா’ சுற்றுக்கு ஏற்றது.

அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடி தாண்டிப் போனவர்கள் மல்லிப்பட்டினம் அருகே மனோராவைப் பார்த்திருப்பார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம். “நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடித் தமிழகக் கடற்கரையில் எழுப்பிய கட்டடம் எது?” என்ற கேள்வி நல்லதுதான், ஆனால் எல்லாரும் கேட்டுத் தேய்ந்துவிட்டது. கொஞ்சம் ஆழமாகப் போங்கள். வழக்கமான வழிகாட்டிப் புத்தகங்கள் வாட்டர்லூ வெற்றியின் நினைவாகக் கட்டியது என்கின்றன. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18. மனோராவின் கல்வெட்டில் உள்ள ஆண்டோ 1814. அப்படியானால் சரபோஜி எந்தத் தோல்வியைக் கொண்டாடினார்? 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டதை. அவர் எல்பாவிலிருந்து திரும்பி வந்து மறுபடி தோற்றது பிந்தைய கதை. இரண்டு ஆண்டுகளையும் கேள்வியிலேயே கொடுத்துவிட்டு, “முரண்பாட்டை விளக்குங்கள்” என்று கேட்டால் பத்தாம் வகுப்பு வரலாறு படித்த மாணவர் யோசித்தே சொல்லிவிடுவார். மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார். எனக்குப் பிடித்த வகைக் கேள்வி இதுதான்.

கோயிலில் இருந்து இலக்கியத்துக்கு

அறந்தாங்கிக்காரர்களுக்கு ஆவுடையார்கோயிலைப் பற்றி நாம் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும்தான். நந்தி இல்லை. புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படையல். தெற்குப் பார்த்த கோயில். இவற்றை அப்படியே கேட்டால் உள்ளூர் அணி கையை உயர்த்தும், வெளியூர் அணி வாயைப் பார்க்கும். போட்டி நியாயமாக இருக்காது. இரு தரப்பும் நுழைய இரண்டு வாசல் வையுங்கள்:

“குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணம் ஓர் ஊரில் கோயிலானது என்பது மரபு. பணத்தைச் செலவழித்த அமைச்சர் பாடிய நூலை, தன் எண்பதாவது வயதில், 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார் ஒரு பாதிரியார். அமைச்சர், ஊர், நூல், பாதிரியார் நான்கையும் சொல்லுங்கள்.”

மாணிக்கவாசகர், திருப்பெருந்துறை என்கிற ஆவுடையார்கோயில், திருவாசகம், ஜி.யு. போப். கதை கேட்டு வளர்ந்தவருக்கு முதல் இரண்டு கிடைக்கும், பாடப்புத்தகம் படித்தவருக்குக் கடைசி இரண்டு. அணியில் இருவரும் இருந்தால் நான்கும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுத்துவிட்டால் எந்த அணியும் வெறுங்கையோடு போகாது.

இதே முறையில் எழுதிய இன்னொன்று: “1978 பொங்கலுக்கு வெளியான இந்தப் படத்தின் நாயகனும் இயக்குநரும் ஒருவரே, படம் வந்தபோது அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர். படத்துக்கு அடிப்படையான நாவலை எழுதியவர் நம் மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்தவர், ஞானபீட விருது பெற்ற முதல் தமிழ் எழுத்தாளர். படம் எது, எழுத்தாளர் யார்?” எம்.ஜி.ஆர். ரசிகர் ஒருவர் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ என்று கத்துவார். தேர்வுக்குப் படிப்பவர் அகிலன் என்பார். நாவலின் பெயர் ‘கயல்விழி’ என்று மூன்றாவதாக யாராவது சொன்னால் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள், அவர் உண்மையிலேயே படிப்பவர். அகிலனுக்கு ஞானபீடம் வாங்கித் தந்தது ‘சித்திரப்பாவை’, 1975-ஆம் ஆண்டுக்கான விருது.

விருது ஆண்டுகளில் கவனம் வேண்டும். ஜெயகாந்தனுக்குக் கிடைத்தது 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம். அறிவிப்பு வந்தது 2005-இல். “எந்த ஆண்டு பெற்றார்?” என்று கேட்டால் இரண்டு விடைக்கும் ஆள் இருப்பார்கள். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதப்பட்டது 1857, அச்சானது 1879. தமிழில் முதல் அச்சுநூல் என்றால் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்று ஒருவர் சொல்வார்; 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ்ச் சொற்களை அச்சிட்ட நூலைச் சொல்லி இன்னொருவர் மறுப்பார். இருவரையும் குறை சொல்ல முடியாது, கேள்விதான் அரைகுறை. ‘எழுதப்பட்ட’, ‘அச்சான’, ‘தமிழ் எழுத்தில்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் தகராறே இல்லை.

திருக்குறள் இல்லாமல் தமிழ்நாட்டில் வினாடி வினாவே இல்லை. அங்கேதான் நிறையப் பொய்க் கேள்விகளும் உலவுகின்றன. “திருக்குறளில் இடம்பெறும் இரு மலர்கள் எவை?” என்பது புகழ்பெற்ற கேள்வி. அனிச்சம், குவளை என்பது எல்லாப் புத்தகங்களிலும் உள்ள விடை. நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். யாரும் குறளைத் திறந்து பார்ப்பதில்லை. 617-ஆம் குறளில் திருமகளைச் சொல்ல வள்ளுவர் தாமரையைத்தான் பயன்படுத்துகிறார். 1103-ஆம் குறளில் திருமாலின் கண்ணுக்கும் தாமரைதான். உவமையாகவோ அடைமொழியாகவோ வருவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒருவர் வாதாடலாம், ஆனால் அந்த நிபந்தனையைக் கேள்வி சொல்லவில்லையே! தமிழாசிரியர் ஒருவர் கூட்டத்தில் இருந்து இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டால் நடத்துநர் மானம் போய்விடும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: “குறளில் இரண்டே மலர்கள்தான் என்கிறார்கள். மூன்றாவதாக ஒரு மலரைக் காட்ட முடியுமா?” பழைய கேள்விக்கு விடை தெரிந்தவருக்கும் இது புதுக் கேள்வி.

திரைப்படச் சுற்றில் மூன்று தலைமுறை

சினிமாச் சுற்றை எல்லாரும் சுலபமென்று நினைத்துக் கடைசியில் தயாரிப்பார்கள். கூச்சல் மிகுதியாக எழுவதும் அங்கேதான். “உத்தமபுத்திரன் படத்தின் நாயகன் யார்?” என்று கேட்டுப்பாருங்கள். தாத்தா பி.யு. சின்னப்பா என்பார், அப்பா சிவாஜி என்பார், பேரன் தனுஷ் என்பான். மூவர் சொல்வதும் சரி: 1940, 1958, 2010. நடத்துநர் ஒரு விடையை மட்டும் தாளில் வைத்திருந்தால் மாட்டிக்கொண்டார். இந்தக் குழப்பத்தையே கேள்வியாக்கினால் குடும்பம் முழுக்கப் பங்கெடுக்கும்: “ஒரே தலைப்பில் மூன்று தமிழ்ப் படங்கள், மூன்று நாயகர்கள். முதலாமவர் இரட்டை வேடத்தில் தமிழ்த் திரையில் தோன்றிய முதல் நடிகர், நம் மாவட்டத் தலைநகரின் பெயரைத் தன் முதலெழுத்தில் சுமந்தவர்.” பி.யு. என்பது புதுக்கோட்டை உலகநாதன். இன்றைய பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரோடு மேடையேறியவர் என்றால் அறந்தாங்கி நிஷா நினைவுக்கு வருவார், பக்கத்து ஊர்க்காரர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ‘ஊரைச் சுமந்தவர்கள்’ என்று இவர்களை வைத்தே ஒரு சிறு சுற்று கட்டலாம்.

“முதல்” என்று தொடங்கும் சினிமாக் கேள்விகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் தமிழ் மௌனப்படமான ‘கீசக வதம்’ எந்த ஆண்டு என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம் என்பதில் சிக்கல் இல்லை, ஆனால் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். வெறுமனே படப் பெயரைக் கேட்பதைவிட, “நாயகியும் நாயகனும் வெவ்வேறு மொழியில் காதலித்த முதல் தமிழ்ப் பேசும்படம்” என்று கேட்டால் மண்டபம் சிரிக்கும். சிரித்த கூட்டம் அடுத்த கேள்விக்கும் உட்காரும். முத்துலட்சுமி ரெட்டி, ஜெமினி கணேசன் இருவரும் புதுக்கோட்டைக்காரர்கள் என்பதை எல்லாப் போட்டியிலும் கேட்டாயிற்று, நேரடியாகக் கேட்காதீர்கள். ஜெமினிக்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது, கீழே வருகிறது.

சொல் விளையாட்டு

இந்தச் சுற்றைச் சின்ன ஊர்ப் போட்டிகளில் யாரும் வைப்பதில்லை. உண்மையில் செலவே இல்லாத, படிப்பு வேறுபாடு பார்க்காத சுற்று இதுதான். கல்லூரி மாணவரை ஆறாம் வகுப்புப் பிள்ளை தோற்கடிக்கும்.

விதி ஒன்றை முதலிலேயே அறிவித்துவிடுங்கள்: எழுத்தை எப்படி எண்ணுவது என்பது. உயிர்மெய் ஓர் எழுத்து, புள்ளி வைத்த மெய்யும் ஓர் எழுத்து. அந்தக் கணக்கில் அறந்தாங்கி ஆறெழுத்து. புதுக்கோட்டையும் ஆறெழுத்துதான்! ஆகவே “நம் மாவட்டத்தில் ஆறெழுத்து ஊர் எது?” என்று கேட்டால் இரண்டு விடை வரும். இப்படிக் கேளுங்கள்: “நான் ஆறெழுத்து ஊர். என் கடைசி மூன்றெழுத்துக்கு முன்னால் சுமையை வைத்தால் சாலையோரக் கல், இடியை வைத்தால் உயர்ந்த கட்டடத்தின் உச்சிக் கம்பி. நான் யார்?” அறந்தாங்கி. உடனே தொடர்கேள்வி: “அந்தக் கல்லின் பெயரில் 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய படத்தின் நாயகன் யார், அவருக்கும் நம் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு?” ஜெமினி கணேசன், பிறந்த ஊர் புதுக்கோட்டை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கத்தையும் விடை சொல்லும்போது ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள், காரணம் தெரிந்திருக்காது.

எழுத்துக் களையும் விளையாட்டுக்கு மதுரை அருமையான ஊர். முதலெழுத்தை எடுத்தால் துரை, நடுவெழுத்தை எடுத்தால் மான் வகையான மரை, கடைசியை எடுத்தால் மது. திருப்பிப் படித்தாலும் மாறாத சொற்களில் விகடகவி எல்லாருக்கும் தெரியும். தேருவருதே, மோருபோருமோ, மேகராகமே ஆகியவற்றைக் கொஞ்சப் பேர் சொல்வார்கள். குடகு ஊர்ப்பெயர் என்பதால் பலருக்குத் தோன்றாது. தாத்தாவும் பாப்பாவும் அதே வகைதான் என்று சொல்லும்போது சின்னப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். இதற்கு மாலைமாற்று என்று இலக்கணத்தில் பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது.

சிலேடைக்குக் காளமேகத்தை வெறும் பெயராகக் கேட்டு வீணாக்காதீர்கள். அவர் செய்ததை நீங்களே சின்னதாகச் செய்யலாம். “வீட்டில் ஏற்றிவிடுவேன், கடையில் அளப்பேன், சம்பளத்தோடு வருவேன், பிள்ளைகளைப் பார்த்து அம்மா அடிக்கடி சொல்லும் சொல் நான்.” விடை: படி. இதுபோல ஒன்று எழுதக் கால் மணி நேரம் ஆகும். வழிகாட்டிப் புத்தகத்தில் கிடைக்காது, அதனால் யாரும் மனப்பாடம் செய்திருக்கவும் முடியாது.

வாசிக்கும்போது

தமிழ் வாக்கியத்தில் ‘யார்’, ‘எது’ எல்லாம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நீளமான கேள்வியை வாசித்தால், என்ன கேட்கப் போகிறார்கள் என்று தெரியாமலே கேட்பவர் மூன்று வரியைச் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் முதலிலேயே “ஒரு நூலின் பெயர் கேட்கிறேன்”, “ஓர் ஊரின் பெயர் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பஸ்ஸர் சுற்றில் இது இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் அணிகள் கேள்வி புரியாமல் பொத்தானை அமுக்கும். எழுதியதை ஒருமுறை உரக்கப் படியுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் வெட்டுங்கள். மைக் செட்டின் எதிரொலியில் ‘ல, ள, ழ’ மூன்றும் ஒன்றாகக் கேட்கும் என்பதால், விடை அந்த எழுத்து வேறுபாட்டைச் சார்ந்திருந்தால் அட்டையில் எழுதிக் காட்டுங்கள்.

ஆறு அணி, நான்கு சுற்று, சுற்றுக்கு அணிக்கொன்று என்றால் இருபத்துநான்கு கேள்வி. இன்னும் எட்டுக் கேள்வியைக் கையிருப்பாக வையுங்கள். நேரடி விடைக்கு 10, பாஸ் ஆகி வந்தால் 5. ஒரு சுற்று இடமிருந்து வலம் போனால் அடுத்தது வலமிருந்து இடம் வரட்டும், இல்லாவிட்டால் ஒரே அணி எப்போதும் மிச்சத்தை வாங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விடையையும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். அந்த இரண்டில் ஒன்று அச்சுநூலாக இருக்கட்டும். வாட்ஸ்அப் தகவலை எத்தனை பேர் அனுப்பியிருந்தாலும் அது ஓர் இடமாகக்கூட ஆகாது. மேடையில் ஆட்சேபம் வந்தால் வாதாடாமல் கேள்வியை ரத்து செய்து கையிருப்பிலிருந்து ஒன்றைக் கொடுங்கள்.

டை-பிரேக்கருக்கு எண் கேள்வியே நல்லது, ஆனால் யோசித்து எட்டக்கூடிய எண்ணாகப் பாருங்கள். “கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதில் பீடம் மட்டும் எத்தனை அடி?” 133 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் பீடத்தையும் கணக்குப் போட்டுவிடுவார்: 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அடி, சிலை. இரண்டு அணிகளும் இதையும் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்காதீர்கள், பரிசைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.